பெரியோர் குரலை எழுத்தாக்க எந்தச் செயலி?

(ஜூபிலி மலர்க்குழுவின் சார்பில், இளைஞர் மன்றத்தாருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் புதுவாயல் பங்குக் கூடத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டையொட்டி நம் முதியோர் பலரைப் பேசச் சொல்லி, அதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம் என்பது நீங்கள் அறிந்ததே. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேலாகவே சேர்ந்திருக்கிறது. ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த காலம், உபதேசியார் சைக்கிளில் வந்து பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த காலம், 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயலில் கூரைகள் பறந்த கதை, கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தபின் ஏர் பிடித்த கைகள் இரும்பு உருக்கும் ஆலைக்குப் போன கதை, எல்லாம் அதில் இருக்கின்றன. பேசியவர்களில் இருவர் இன்று நம்மிடையே இல்லை. "ஐயா, நீங்கள் சொன்னது இதுதானா?" என்று மறுபடியும் போய்க் கேட்க வழியில்லை. ஆகையினால் இவ்வுரை ஒரு கருவியைப் பற்றியதே ஆனாலும், கருவியோடு முடிந்துவிடுகிற காரியம் அல்ல.

இந்தப் பதிவுகளை எழுத்தாக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னவுடன் இளைஞர்கள், "இதற்கென்று ஆப் இருக்கிறது, அரை மணியில் முடிந்துவிடும்" என்றார்கள். எந்த ஆப் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஒருவர் தம் அலுவலகக் கூட்டங்களுக்குப் பயன்படுத்துவதைச் சொன்னார். இன்னொருவர் யூடியூபில் பார்த்ததைச் சொன்னார். அவரவர் சொன்னது அவரவர் அளவில் உண்மைதான். ஆனால் "எது நல்ல செயலி?" என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. யாருடைய பேச்சுக்கு நல்லது, எந்த அறையில் பதிந்த பேச்சுக்கு நல்லது என்றுதான் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசும் மேலாளருக்கு ஏற்றது, மின்விசிறி சத்தத்துக்கும் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்துக்கும் நடுவே பல் போன வாயால் பேசும் நம் பாட்டிக்கு ஏற்காமல் போகலாம்.

கருவியே வேண்டாம் என்பது எங்கள் கட்சியல்ல. பழகிய தட்டச்சுக்காரர்களுக்கே ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போய் வருகிற நம் பிள்ளைகளால் அது ஆகிற காரியமா?

இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். இது தெரியாமல் தேர்ந்தெடுத்தால் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகவே முடியும். சுருக்கெழுத்தர் காதில் விழுந்ததை எழுதுவார், விழாததை விட்டுவிடுவார். கருவி அப்படியல்ல. ஆயிரமாயிரம் மணி நேரப் பேச்சையும் அதற்குரிய எழுத்தையும் சேர்த்துக் கற்று, இந்த ஒலிக்கு, இந்தச் சொல்லுக்குப் பின்னே, எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. கணிப்புச் சரியாக இருந்தால் வியப்பாக இருக்கிறது. தவறும்போதோ, அந்தத் தவறும் நல்ல தமிழாகவே வந்து நிற்கிறது. ஆபத்து அதிலேதான் இருக்கிறது. எங்கள் சோதனையில் "புதுவாயல்" என்பது ஓரிடத்தில் "புது வாயில்" என்றும் வேறிடத்தில் "புது வயல்" என்றும் வந்தது. இரண்டும் அழகான தமிழ். ஊரறியாதவர் படித்தால் சந்தேகமே வராது. உளறலாக எழுதியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம்.

எதைக் கற்றதோ அதுவே கருவியின் அறிவு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற கருவியை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அதற்குக் கற்பித்த பேச்சு 6,80,000 மணி நேரம். அதில் ஆங்கிலப் பேச்சும் அதற்குரிய ஆங்கில எழுத்துமாக இருந்தது 4,38,000 மணிக்கு மேல். தமிழ்ப் பேச்சும் தமிழ் எழுத்துமாக இருந்தது 136 மணி. இரவு பகலாக ஒருவர் கேட்டால் ஆறு நாள்கூட ஆகாது! அப்படியும் நம் பேச்சை அது ஓரளவு எழுதிவிடுகிறது என்பதை நினைத்தால் மெச்சத்தான் தோன்றுகிறது. பின்னர் வந்த பதிப்புகளுக்கு இன்னும் அதிகமாகக் கற்பித்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவினர், செய்தி வாசிப்பவர்களின் குரலை மட்டும் நம்பாமல் சாதாரண மக்களைப் பேசவைத்துச் சேகரித்தார்கள். இண்டிக்வாய்ஸஸ் என்ற பெயரில் 2024-ல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில், 22 இந்திய மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு இருந்தது. எழுதி வைத்து வாசித்தது குறைவு. மனம்போல் பேசியதும் ஒருவரோடொருவர் உரையாடியதுமே அதிகம். நமக்கு வேண்டியதும் இதுதான். நம் முதியோர் யாரும் தாளைப் பார்த்துப் படிக்கவில்லையே! மத்திய அரசின் பாஷிணித் திட்டமும் 2022 முதல் இந்த வழியில் நடக்கிறது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு முன் ஒருவர் "தமிழுக்கு இது உதவாது" என்று சொல்லியிருந்தால், அதை இன்றைய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாகாது. மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனையை நாங்கள் செய்த விதம் இது. ஒன்பது மணியிலிருந்து பத்து நிமிடத்தைப் பிரித்தெடுத்தோம். நன்றாகக் கேட்கிற பத்து நிமிடத்தை அல்ல. இருப்பதிலேயே கடினமான பத்து நிமிடத்தை. நல்ல குரலை எல்லாச் செயலியும் நன்றாகவே எழுதும். அதில் தராதரம் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தை இருவர் தனித்தனியே கேட்டுக் கையால் எழுதி, ஒத்துப் பார்த்து, ஒரே பிரதியாக்கினார்கள். பிறகு அதே பதிவை நான்கு செயலிகளுக்குக் கொடுத்தோம். வந்த நான்கு பிரதிகளையும் கைப்பிரதியின் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையால் குறித்தோம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் எங்கள் குழுவில் இருப்பது இதற்கு மிகவும் வசதியாயிற்று.

விளம்பரங்களில் "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி" என்று போடுகிறார்கள். மாறிய சொல், விடுபட்ட சொல், மிகையாகச் சேர்ந்த சொல் இம்மூன்றையும் கூட்டி, நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று பார்ப்பது உலக வழக்கம். தமிழுக்கு இந்தக் கணக்கு முழுவதும் பொருந்துவதில்லை. "வந்துகொண்டிருந்தார்" என்று சேர்த்து எழுதுவதா, "வந்து கொண்டிருந்தார்" என்று பிரித்து எழுதுவதா? பிரித்தால் கணக்கில் அது பிழை. நமக்கோ அது பிழையே அல்ல. மறுபுறம், "கொடுக்கலை" என்பது "கொடுக்கலாம்" என்று வந்தால் கணக்கில் ஒரே ஒரு பிழைதான். பணம் கொடுக்காத மனிதர் கொடுக்க ஒப்பியவராகிவிடுகிறார்! ஆகையினால் மொத்தப் பிழையை எண்ணுவதை விட்டு நான்கு இடங்களை மட்டும் பார்த்தோம். ஆள்பெயரும் ஊர்ப்பெயரும், ஆண்டும் எண்ணும், "இல்லை" என்று மறுக்கும் சொற்கள், பேச்சு நின்ற இடங்கள்.

பெயர்களில்தான் எல்லாச் செயலிகளும் தடுமாறின. நம்மவர் வழங்கும் பழைய பெயர்களைக் கருவி எங்கே கேட்டிருக்கப் போகிறது? "சூசை" என்பது "பூசை" ஆயிற்று. "சின்னப்பர்" என்பது "சின்ன அப்பா" ஆயிற்று. அப்போஸ்தலருக்கு ஓர் உறவுமுறை கிடைத்ததே என்று சிரித்துக்கொண்டோம். "உபதேசியார்" என்பதற்கு "உபதேசம் யார்" என்று ஒரு கேள்வியையே எழுதித் தந்தது ஒரு செயலி. பெருவாயல், புதுவாயல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் பக்கத்து ஆரணிக்கும் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கும் எழுத்தில் வேற்றுமை இல்லாததால், அதைக் கருவியின்மேல் குற்றமாகச் சொல்ல முடியாது. அடைப்புக்குள் நாம்தான் குறித்து வைக்க வேண்டும். சில செயலிகளில் பெயர்ப்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கொடுக்க இடமிருக்கிறது. பட்டியல் கொடுத்தபின் பெயர்ப்பிழைகள் வெகுவாகக் குறைந்ததைக் கண்ணால் கண்டோம். இவ்வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அழகான திரையைவிட இது முக்கியம்.

அடுத்தது பேச்சுத் தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்குத் தனியாகவும் கொடுந்தமிழுக்குத் தனியாகவும் இலக்கணம் எழுதினார். எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு என்பதை இத்தாலியிலிருந்து வந்தவர் அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார். செயலி செய்கிறவர்கள் எல்லோரும் உணர்ந்திருக்கிறார்களா என்பது ஐயமே. நம் பக்கத்துத் தாத்தா, "எங்கப்பா கூட்டிக்கினு வந்தாரு, அப்போ இங்க ஒண்ணுமே கெடையாது" என்கிறார். ஒரு செயலி அதை அப்படியே எழுதியது. இன்னொன்று, "என் தந்தை அழைத்து வந்தார், அப்போது இங்கு எதுவும் இல்லை" என்று எழுதியது. பார்வைக்கு இரண்டாவது அழகுதான். மலரில் அப்படியே அச்சேற்றலாம். ஆனால் நாங்கள் முதலாவதையே விரும்பினோம். திருத்த வேண்டுமானால் நாம் திருத்துவோம், எங்கே திருத்தினோம் என்பது நமக்குத் தெரியும். கருவி சொல்லாமல் திருத்தினால், அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதே மறைந்துபோகிறது. மேலும் "பழம்" என்பதைப் "பயம்" என்று சொல்வோர் நம்மில் இன்றும் உண்டு. அங்கே கருவி எந்தப் பொருளை எடுத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம் என்ற நிலையில், நம்மில் பல குடும்பங்கள் பாதித் தெலுங்கு. ஒரு பாட்டி கணவரைப் பற்றிப் பேசும்போது தமிழில் பேசுகிறார், தம் தாயைப் பற்றிப் பேசும்போது தெலுங்குக்குப் போய்விடுகிறார். சில செயலிகளில் ஒரு பதிவுக்கு ஒரு மொழிதான் குறிக்க முடியும். தெலுங்குப் பகுதியைத் தமிழ் போல ஏதோ எழுதிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கருவிகளில் "எழுத்தாக்கு", "மொழிபெயர்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டாவதை அமுக்கினால் தமிழ்ப் பேச்சு ஆங்கிலமாக வந்துவிடும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். பேச்சே இல்லாத இடத்தில் கருவி பேச்சை உண்டாக்கி எழுதுவதுண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர் விஸ்பர் கருவியைச் சோதித்து 2024-ல் ஆய்வுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூறு பதிவுத் துண்டுகளுக்கு ஒன்றில், யாருமே சொல்லாத சொற்றொடர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வன்முறையோ பொய்யான உறவோ புகுந்த தீங்கான சொற்கள். மூளை பாதிப்பால் பேச்சுத் தடைப்பட்டவர்களின் பதிவுகளில் இது இன்னும் அதிகம். அவர்கள் நடுவில் நெடுநேரம் நிறுத்தி நிறுத்திப் பேசுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். அது ஆங்கிலப் பேச்சை வைத்துச் செய்த ஆய்வு. என்றாலும் நம் முதியோரை நினைத்துப் பாருங்கள். புயலில் குழந்தையைப் பறிகொடுத்ததைச் சொல்லவந்த ஒரு தாய், அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் இருக்கிறார். பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கள் சோதனையில் ஒரு செயலி அந்த இடத்தில் "நன்றி வணக்கம்" என்று எழுதியிருந்தது. இன்னொன்று, முந்தின வாக்கியத்தையே மூன்று முறை எழுதியிருந்தது. மற்ற இரண்டும் வெறுமையாக விட்டிருந்தன. எங்கள் மட்டில், மற்ற எல்லாப் பிழைகளையும்விட இதையே பெரிதாக எடுத்துக்கொண்டு முதல் இரண்டையும் நீக்கிவிட்டோம். அவற்றில் ஒன்று ஊர்ப்பெயர்களை நன்றாகவே எழுதியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, குரல் எங்கே போகிறது என்ற கேள்வி. பெரும்பாலான செயலிகள் பதிவை இணையத்தின் வழியே தங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கே எழுத்தாக்கித் திருப்பித் தருகின்றன. அங்கே அது எத்தனை நாள் இருக்கும், அதைக் கொண்டு வேறு கருவிக்குக் கற்பிப்பார்களா என்பதெல்லாம் யாரும் படிக்காத பொடி எழுத்து நிபந்தனைகளில் இருக்கும். நம் பதிவுகளில் என்னென்ன இருக்கின்றன? யார் யாருக்குக் கடன்பட்டார், எந்தக் குடும்பத்தில் சொத்துத் தகராறு, கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கலாம் என்று ஒரு காலத்தில் நடந்த வழக்கு, எவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் பெரியவர்கள் நம்மை நம்பிச் சொன்னார்கள். முன்பின் தெரியாத நிறுவனத்தை நம்பிச் சொல்லவில்லை. தனிமனிதர் விவரங்களைக் காக்க 2023-ல் நம் நாட்டிலும் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

ஆகவே பதிவுகளை இரண்டாகப் பிரித்தோம். திருவிழா, தேர், பள்ளிக்கூடம், புயல் பற்றிய பொதுச் செய்திகளைப் பேசியவரிடமோ அவர் வீட்டாரிடமோ சம்மதம் கேட்டுக்கொண்டு இணையச் செயலியில் இடுவது. குடும்பச் செய்தி கலந்தவற்றை வெளியே அனுப்பாமல், கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்து இணையம் இன்றி இயங்கும் கருவியில் இடுவது. விஸ்பரும் ஏஐ4பாரத் குழுவின் கருவிகளும் அப்படி இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் வேண்டும், கம்ப்யூட்டரும் சற்று வலுவானதாக இருக்க வேண்டும், நேரமும் அதிகம் பிடிக்கும். பிடிக்கட்டும். காசு விஷயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வாங்குகிறார்கள், ஒன்பது மணிக்கு அது ஜூபிலிச் செலவில் பெரிய தொகையல்ல.

எந்தக் கருவியும் தொடமுடியாத பதிவு ஒன்றிரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு வேறு உபாயம் உண்டு. கூகுளின் கைப்பேசி விசைப்பலகையில் 2017 முதல் தமிழில் பேசியே எழுதலாம். காதில் இயர்போனை மாட்டி ஒருவர் பதிவைக் கேட்டு, வாக்கியம் வாக்கியமாகத் தம் குரலில் தெளிவாகத் திரும்பச் சொன்னால், கைப்பேசி எழுதிக்கொள்ளும். மேல்நாட்டுத் தொலைக்காட்சிகளில் காது கேளாதோருக்காக அடியில் ஓடும் எழுத்தைப் பல இடங்களில் இப்படித்தான் தயாரிக்கிறார்கள். கைத்தட்டச்சைவிட விரைவு. மாதாசபைத் தாய்மார்கள் இதில் இளைஞர்களை மிஞ்சிவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு, ஏனென்றால் அந்தப் பேச்சு அவர்களுக்குப் புரியும்.

தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிமிடம், விநாடி குறித்துத் தருகிற செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த வரியை உடனே போய்க் கேட்க அது ஒன்றே வழி. நேரக் குறிப்பில்லாத முப்பது பக்க எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதைதான். எழுத்து வந்துவிட்டது என்பதற்காக ஒலிப்பதிவை யாரும் அழித்துவிடாதீர்கள். மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்.

கருவி எழுதித் தந்த பிரதி ஒவ்வொன்றையும் இருவர் சேர்ந்து கேட்டுச் சரிபார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். ஒருவர் விரல் வேகமுள்ள இளைஞர், மற்றவர் பேசியவரின் தெருவைச் சேர்ந்த வயதானவர். கேட்காத இடத்தில் "கேட்கவில்லை" என்றே எழுத வேண்டும். ஊகித்து நிரப்ப வேண்டாம். பேசாமல் இருந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டும். பெயர்ப்பட்டியல் ஏறக்குறைய தயாராக இருக்கிறது. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய பெயர், வழங்கிய பெயர் இரண்டையும் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். தெலுங்கு நன்றாகத் தெரிந்தவர் குறைந்தது இருவர் தேவை. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் இதே கூடத்தில் வேலை தொடங்குகிறது. சொந்த இயர்போன் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். முதலில் எடுக்கப்போவது எண்பத்து நாலு புயல் பதிவு. அந்த இரவில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கியவர்கள் பெயர் வரிசையாக வருகிறது, நான்கு பெயர்கள் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அந்த இரவு அங்கே இருந்தவர் யாராவது இருந்தால் அவசியம் வாருங்கள்.